ரஷ்யப் பொய்களை ஆங்கிலமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்ய மொழியில் பொய், ஏமாற்று, முறைகேடு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் ஏராளம். அவற்றை ஆங்கிலமாக்குவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை பொருள் தெரியாமல் நேர்பவை அல்ல; அகராதி பெரும்பாலும் சரியான பொருளையே தருகிறது. தவறிப்போவது சொல்லின் கனம். பொய் சொன்னவருக்கு ஆதாயம் இருந்ததா, கேட்டவர் உண்மையில் ஏமாந்தாரா, ஏமாந்தது பக்கத்து வீட்டுக்காரரா அல்லது மேலதிகார அலுவலகமா என்பதைப் பொறுத்து ரஷ்யர்கள் வெவ்வேறு சொற்களைக் கையாளுகிறார்கள். தமிழ் வாசகர்கள் படித்த ரஷ்யக் கதைகளில் பல ஆங்கிலத்தின் வழியாக வந்தவை என்பதால், அங்கே நேர்ந்த பிழை நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

முதலில், 'ல்காத்', 'வ்ராத்' என்ற இரண்டு வினைச்சொற்கள். இரண்டுக்கும் அகராதி 'பொய் சொல்லுதல்' என்றே பொருள் தரும். முன்னது கனமானது, நூல்நடையிலும் நீதிமன்றத்திலும் பொருந்துவது, தெரிந்தே சொன்ன பொய் என்ற குற்றச்சாட்டு அதில் இருக்கிறது. பின்னது அன்றாடப் பேச்சுக்குரியது, எல்லை விரிந்தது. 18ஆம் நூற்றாண்டு நூல்களில் 'வ்ராத்' என்பது பல இடங்களில் உளறுவதையும் வாய்க்கு வந்ததைப் பேசுவதையும் குறிக்கும். அங்கெல்லாம் 'லை' (lie, பொய்) என்று எழுதினால், வம்பளந்துகொண்டிருக்கும் ஒரு பாத்திரம் அயோக்கியனாகிவிடும். இன்றைய ரஷ்ய மொழியிலும் கடிகாரம் தவறான மணி காட்டினால் அது 'வ்ராத்' செய்கிறது. பாடகருக்குச் சுருதி விலகினாலும் அதே சொல்தான். தாம் சொல்வதற்குச் சாட்சியாக ஒருவரைக் காட்டும்போது, 'இவான் என்னைப் பொய் சொல்ல விடமாட்டார்' என்பது அவர்களது வழக்கு. வேண்டுமானால் அவரையே கேட்டுப் பாருங்கள் என்பதுதான் அதன் கருத்து. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், இவான் அருகில் இல்லாதபோது இவர் பொய் சொல்பவர் என்று ஆங்கில வாசகர் எடுத்துக்கொள்வார்.

நண்பர்களுக்கிடையே 'த்தி வ்ரியோஷ்!' என்று ஒருவர் வியந்தால், 'அட, கதை விடாதே!' என்பதே அதன் தொனி. பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இது 'யூ லை!' என்று மாறி, இரண்டு தோழர்கள் திடீரென்று சண்டைக்கு நிற்பதுபோலத் தோன்றும் இடங்கள் உண்டு. ஆனால் இதை எப்போதும் இலேசாகவே எடுத்துக்கொள்வதும் பிழையாகும். குற்ற விசாரணை அதிகாரி கைதியிடம் இதே சொற்களைச் சொன்னால் அது அப்பட்டமான குற்றச்சாட்டு. முன்பின் அறியாத ஒருவரிடம் மரியாதைப் பன்மையில் 'வி வ்ரியோத்தே' என்பதோ பெரும் அவமதிப்பு. வினைச்சொல்லைப் பார்ப்பதற்கு முன்பே யார் யாரிடம் பேசுகிறார், நீ என்கிறாரா நீங்கள் என்கிறாரா என்று பார்த்துவிடுவது நல்லது.

'வ்ராத்' என்ற வினையின் பெயர்ச்சொல்லான 'வ்ரன்யோ'வுக்கு வேறொரு ஆபத்து நேர்ந்திருக்கிறது. அண்மை ஆண்டுகளின் ஆங்கில அரசியல் கட்டுரைகளில் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் சாய்ந்த எழுத்தில் விட்டுவிட்டு, 'நான் பொய் சொல்கிறேன், அது உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்' என்ற விளக்கத்தை அதன்மேல் ஏற்றி, அதை ஒரு தேசத்தின் குணமாகவே காட்டும் வழக்கம் பெருகியுள்ளது. கவர்ச்சியான விளக்கம்தான், ஆனால் அந்தப் பாரத்தைச் சொல் தாங்காது. செய்தியைப் படித்துவிட்டு எரிச்சலோடு 'எல்லாம் வ்ரன்யோ!' என்று தாளை வீசுகிற ஒரு மூதாட்டி எந்த நுட்பமான உடன்பாட்டையும் பற்றிப் பேசவில்லை. எல்லாம் பொய் என்கிறார், அவ்வளவே.

அதற்காக அந்த விளையாட்டுச் சாயல் கற்பனை என்றும் சொல்ல முடியாது. 1836இல் மேடையேறிய கோகலின் 'ரெவிசோர்' நாடகத்தில், அரசு ஆய்வாளர் என்று தவறாகக் கருதப்படும் ஹ்லெஸ்தகோவ் 700 ரூபிள் விலையுள்ள தர்ப்பூசணியைப் பற்றியும், பாரிஸிலிருந்து சட்டியோடு கப்பலில் வந்திறங்கும் சூப்பைப் பற்றியும், தன்னைத் தேடி வீதியெங்கும் ஓடிய 35,000 தூதர்களைப் பற்றியும் அளந்துகொண்டே போகிறான். அவன் தொழில்முறைப் பொய்யன் அல்லன், தான் பொய் சொல்வதையே மறந்துவிடுகிறவன் என்று கோகலே விளக்கியிருக்கிறார். தமிழில் 'ஆகாசப்புளுகு' என்ற சொல் இவனுக்காகவே பிறந்ததுபோல் இருக்கிறது. ஆங்கிலத்திலோ கட்டுக்கதையைக் குறிக்கும் 'டால் டேல்', 'யார்ன்' போன்ற சொற்களின் பக்கம் போகவேண்டுமே தவிர, வஞ்சகத்தைக் குறிக்கும் 'டிசீட்' பக்கம் போகக்கூடாது. தஸ்தயேவ்ஸ்கியும் 1873இல் 'வ்ரன்யோ' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மற்ற நாடுகளில் கயவர்களே ஆதாயத்துக்காகப் பொய் சொல்கிறார்கள், நம்மிடமோ நேர்மையானவர்களும் விருந்தோம்பலின் பொருட்டுப் பொய் சொல்கிறார்கள் என்பது அவர் வாதம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், தலைப்பில் 'வ்ரன்யோ' என்று எழுதியவர் முதல் வரியிலேயே 'ல்காத்' என்ற வினைக்கு மாறிவிடுகிறார். இரண்டுக்கும் இடையே பாடநூல்கள் எழுப்பும் சுவர் அத்தனை உயரமானதல்ல.

'ஏமாற்று' என்று பொருள்படும் 'அப்மான்' என்ற சொல்லை எங்கும் 'டிசெப்ஷன்' (வஞ்சனை) ஆக்குவது இன்னொரு தவறு. 'வருகிறேன் என்று சொல்லி அப்மான் செய்துவிட்டான்' என்றால், அவன் வரவில்லை என்பதுதான் செய்தி. சூழ்ச்சி ஏதும் நடந்திருக்க வேண்டியதில்லை. கண்ணின் அப்மான் என்பது வெறும் தோற்ற மயக்கம். புஷ்கின் 1830இல் எழுதிய கவிதையொன்றில், தாழ்ந்த உண்மைகளின் கூட்டத்தைவிட நம்மை உயர்த்தும் 'அப்மான்' தமக்கு அருமையானது என்கிறார். அங்கே 'டிசெப்ஷன்' என்று போட்டால் கவிஞர் மோசடியைப் போற்றுவதாகிவிடும். 'இல்யூஷன்' (மாயை) என்றே எழுதத் தோன்றுகிறது.

சமயச் சொற்களில் ஒன்றைமட்டும் குறிப்பிடலாம். 'லுகாவி' கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் தீயோனைக் குறிக்கும். அதே சொல் ஒரு பெண்ணின் புன்னகைக்கு அடைமொழியானால் குறும்பைக் குறிக்கும். அங்கே அகராதி தரும் 'கிராஃப்டி' அந்தப் பெண்ணைச் சூழ்ச்சிக்காரி ஆக்கிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் இடறுவது சோவியத் அலுவலகச் சொற்களில்தான். காரணம், அவற்றில் பல பார்வைக்கு அப்பாவிச் சொற்கள். 'லீப்பா' ஒரு மரத்தின் பெயர். 'லீப்பா' கடவுச்சீட்டு என்றால் போலிக் கடவுச்சீட்டு. 'ப்ரிபீஸ்கி' என்பதன் நேர்ப்பொருள் 'சேர்த்து எழுதியவை'. அதைப் பின்குறிப்புகள் என்று பெயர்த்தால் ஒரு காலகட்டமே காணாமற்போகும். திட்ட இலக்கை எட்டியதாகக் காட்டுவதற்காகக் கணக்கில் ஏற்றி எழுதப்பட்ட பொய் எண்கள் அவை. 1959இல் ரியாசான் மாகாணக் கட்சிச் செயலாளர் லாரியோனவ், அரசுக்கு அளிக்கும் இறைச்சியை ஒரே ஆண்டில் மூன்று மடங்காக்குவதாக வாக்களித்தார். கறவை மாடுகளும் இனவிருத்திக் கால்நடைகளும் வெட்டப்பட்டன. அண்டை மாகாணங்களில் இறைச்சி வாங்கப்பட்டது. எஞ்சியதைத் தாளில் நிரப்பினார்கள். அவருக்குச் சோசலிச உழைப்பு வீரர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு உண்மை வெளிப்பட்டது, அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1961இல் 'ப்ரிபீஸ்கி' தனிக் குற்றமாக அறிவிக்கப்பட்டது. இதற்கு ஆங்கிலத்தில், கணக்கை ஊதிக் காட்டுவதைக் குறிக்கும் 'பேடிங்' (padding) என்ற சொல் பொருந்தும். 'லைஸ்' என்றால் கணக்குத் தாள் மறைந்து வெறும் வாய்ப்பேச்சு மட்டுமே எஞ்சும்.

இதன் உடன்பிறப்பு, நிலைமையை நல்லதாகக் காட்டி மேலிடத்தின் கண்ணில் மண் தூவுவதைக் குறிக்கும் 'அச்கோவ்திராத்தெல்ஸ்த்வா'. 'அச்கி' என்றால் மூக்குக்கண்ணாடி என்பதால், இது கண்ணாடியைத் தேய்ப்பது பற்றியது என்று விளக்குவோர் உண்டு. உண்மையில் இது சீட்டாட்ட மோசடிக்காரர்களிடமிருந்து வந்த சொல். சீட்டிலுள்ள புள்ளிகளுக்கும் 'அச்கி' என்றே பெயர்.

'ப்ளாத்' என்பதை 'ப்ரைபரி' (லஞ்சம்) என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. பணம் கைமாறினால் அது லஞ்சம். 'ப்ளாத்' என்பது தெரிந்தவர் மூலம் காரியம் முடிப்பது. கடையின் பின்வாசலில் கிடைக்கும் நல்ல இறைச்சி, மகனுக்குக் கிடைக்கும் கல்லூரி இடம், மருத்துவமனையில் ஒரு கட்டில் என்று அது பரவியிருந்தது; 'மக்கள் ஆணையர் அவையைவிட (அதாவது அமைச்சரவையைவிட) ப்ளாத் உயர்ந்தது' என்று அன்று கேலியாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் செல்வாக்கைக் குறிக்கும் 'புல்' (pull), 'கனெக்‌ஷன்ஸ்' என்பவை நெருங்கி வரும்.

இன்றைய செய்தி மொழியில் இதைவிடப் பெரிய விபத்து நேரலாம். 'ரஸ்பீல்' என்றால் அறுத்தல். 'பட்ஜெட் ரஸ்பீல்' என்பதை 'பட்ஜெட் கட்' என்று எழுதினால், பொதுப்பணத்தைப் பங்கு போட்டுத் தின்றவர்கள் சிக்கனவாதிகளாகிவிடுவார்கள். ஒப்பந்தம் பெற்றவர் அதைத் தந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் கமிஷனான 'அத்காத்' என்பதற்கு மட்டும் 'கிக்பேக்' என்ற கச்சிதமான இணை இருக்கிறது. அந்த அதிர்ஷ்டம் அரிது.

சட்ட ஆவணங்களில் கனத்தைவிட வரையறையே முக்கியம். 1996ஆம் ஆண்டின் ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 159ஆம் பிரிவு, ஏமாற்றியோ நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தியோ பிறர் சொத்தை அல்லது சொத்துரிமையைக் கைப்பற்றுவதை 'மஷேன்னிசெஸ்த்வா' என்கிறது. நாளிதழுக்கு 'ஃப்ராட்' போதும். ஆனால் இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டப்படி, ஆதாயம் பெறும் அல்லது இழப்பு விளைக்கும் நோக்கத்தோடு நேர்மையற்ற பொய்க்கூற்று ஒன்றைச் சொன்னாலே குற்றம் முழுமையடைகிறது. சொத்து கைமாற வேண்டியதில்லை. ஆகவே தீர்ப்பு ஒன்றை மொழிபெயர்ப்பவர் ரஷ்ய வரையறையை ஓர் அடிக்குறிப்பில் தந்துவிட வேண்டும். இந்திய வழக்கறிஞருக்காக எழுதுபவருக்கு வேலை சற்று எளிது. பழைய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு சொன்ன 'சீட்டிங்', ஏமாற்றிப் பொருளைக் கொடுக்கவைப்பது என்ற அளவில், ரஷ்யச் சொல்லுக்கு லண்டனின் 'ஃப்ராட்'டைவிட நெருக்கமாக நிற்கிறது.