பிளேசரில் முதலில் ரெண்டர் மோடைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் மண்டிக்கோ மாம்பழக் கூழ் ஆலைக்கோ கணக்குக்கான இணையப் பக்கம் செய்து தருபவர்களுக்கு ஒரு குறிப்பு. சி ஷார்ப் நிரல்மொழி தெரிந்தவர்கள், இணையப் பக்கம் செய்யும் மைக்ரோசாஃப்ட் கருவியான பிளேசரில் படிவம், பட்டியல், பட்டன் எல்லாவற்றையும் காம்போனென்டாகவே (பக்கத்தின் தனித்தனித் துண்டாக) எழுதிவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் தேவைப்படாது.

ஆனால் ரெண்டர் மோடை, அதாவது நிரல் சர்வரில் ஓடுமா, பயன்படுத்துபவரின் போனிலோ கணினியிலோ ஓடுமா என்பதை, முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 2023 நவம்பரில் வந்த டாட்நெட் 8 (பிளேசர் அடங்கிய மென்பொருள் தளம்) முதல் ஒவ்வொரு காம்போனென்டுக்கும் இதைத் தனியாகக் கொடுக்கலாம். சர்வர் மோடில் ஒவ்வொரு கிளிக்கும் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. சிக்னல் போனால் திரை அப்படியே நின்றுவிடும். வழக்கமான அமைப்பில் 3 நிமிடத்துக்கு மேல் இணைப்பு வராவிட்டால் பாதி நிரப்பிய படிவமும் போய்விடும். மண்டி ஆபீஸ் வைஃபைக்கு இது சரி. தோப்பில் நின்று போனில் எடை பதிபவருக்கு, நிரல் போனின் பிரவுசரிலேயே ஓடும் வெப்அசெம்ப்ளி மோடுதான் என் தேர்வு. முதல் முறை திறக்க நேரமாகும், அப்புறம் கணக்கு போனிலேயே நடக்கும். பக்கத்தைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் மட்டும் இணையம் வேண்டும்.

இன்னொன்று. பெங்களூரா மாங்காய் 840 கிலோ என்று அடித்ததும் தொகை மாறவில்லையா? பெட்டியில் அடிப்பதை நிரலோடு இணைக்கும் பைண்ட், நாம் பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான் மதிப்பை எடுக்கும். அதன் ஈவென்டை (எப்போது எடுக்க வேண்டும் என்பதை) ஆன்இன்புட் என்று மாற்றுங்கள், அடிக்க அடிக்கத் தொகையும் மாறும். சர்வர் மோடில் இதை எல்லாப் பெட்டிக்கும் போட வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வருக்கு ஒரு நடை.