வன்னியில் முதல் நியமனமா? முதல் தவணைக்கு ஒரு செய்முறை

மல்லாவி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், பூநகரி, மடு. ஆசிரியர் நியமனக் கடிதத்தில் இப்படி ஒரு வன்னி ஊரின் பெயரைக் கண்டதும் பலர் முதலில் விசாரிப்பது, எத்தனை வருடத்தில் இடமாற்றம் எடுக்கலாம் என்பதைத்தான். வீடு யாழ்ப்பாணத்தில் இருந்தால் அந்தக் கேள்வி வருவது இயல்பு. ஆனால் நீங்கள் வகுப்புக்குள் போகும் நாளில் அங்கே இருக்கிற பிள்ளைக்கு அந்தத் தரம் ஒரு தடவைதான் வரும். அந்த ஒரு வருடத்தை வீணாக்காமல் தொடங்குவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். கல்வியியற் கல்லூரி முடித்து வருபவர்களுக்கும், பட்டத்தோடு நேரே வகுப்புக்குள் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். முதல் வருடத்தில் உதவி தானாக வராது. இருக்கிறது, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். கீழே உள்ள படிகளில் பாதி, யாரிடம் எதை எப்படிக் கேட்பது என்பதுதான்.

படி 1: கடதாசி வேலை

இதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். நியமனக் கடிதம், கல்விச் சான்றிதழ்கள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம் எல்லாவற்றிலும் பல பிரதிகள் எடுத்து, உறுதிப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். கடமையேற்ற கடிதத்தில் அதிபரின் கையொப்பமும் திகதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிரதி உங்கள் கோவையில் இருக்க வேண்டும். மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடிந்து சேவையில் உறுதிப்படுத்தும்போது இந்தக் கோவைதான் கைகொடுக்கும்.

படி 2: எங்கே தங்குவது

கிளிநொச்சி நகரப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் வந்துபோகலாம். முறிகண்டியும் தாண்டி மாங்குளத்தில் இறங்கி, அங்கிருந்து துணுக்காய்ப் பக்கமோ முல்லைத்தீவுப் பக்கமோ இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அப்படிச் செய்யாதீர்கள், குறைந்தது முதல் தவணையிலாவது. விடியப்புறம் எழும்பி, இரண்டு பஸ் மாறி, வியர்த்து வந்து நிற்கிற ஆசிரியருக்கு முதலாம் பாடவேளை போய்விடுகிறது. பின்னேரம் பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்ற நினைப்பில் கடைசிப் பாடவேளையும் போய்விடுகிறது.

ஆசிரியர் விடுதி இருந்தால் அதிபரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோருக்கு ஊரில் அறை எங்கே கிடைக்கும் என்று தெரியும். தண்ணீர், மின்சாரம், மாலையில் நடமாடக்கூடிய பாதை மூன்றையும் நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காட்டோரக் கிராமங்களில் எந்தப் பாதையில் யானை இறங்கும், எந்த நேரத்துக்குப் பிறகு போகக்கூடாது என்று ஊராரிடம் கேட்டு, அதன்படி நடவுங்கள்.

ஊரில் தங்குவதால் பிள்ளைகளின் வீடு தெரியவரும். வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளை காலையில் எவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வருகிறது என்பதை அந்தப் பாதையில் நீங்களும் ஒருமுறை போனால் யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

படி 3: ஒரு மூத்த ஆசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அதிபரிடம் நேரசூசி, உங்கள் தரங்களுக்கான பாடத்திட்டம், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி, சென்ற ஆண்டின் புள்ளிப்பட்டியல் நான்கையும் கேளுங்கள். ஐந்தாவதாக, "என்னோடு இந்தத் தவணை கூட நிற்க ஒரு ரீச்சரையோ சேரையோ சொல்லுங்கோ" என்று கேளுங்கள். ஒரே பாடமாக இருக்க வேண்டியதில்லை. சிறிய பாடசாலையில் உங்கள் பாடத்துக்கு நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். ஊரை அறிந்தவராக, பிள்ளைகள் மதிப்பவராக இருந்தால் போதும்.

அவருடைய வகுப்பில் போய்ப் பின் வாங்கில் இருக்க அனுமதி கேளுங்கள். பாடத்தைக் கவனிக்க வேண்டாம், அவரைக் கவனியுங்கள். சத்தம் கூடும்போது குரலை உயர்த்துகிறாரா, தாழ்த்துகிறாரா? பிழையான பதில் சொன்ன பிள்ளையிடம் அடுத்ததாக என்ன கேட்கிறார்? இவை எந்தச் செயலமர்விலும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

படி 4: பாடத்தைத் தொடங்க முன் பிள்ளைகளைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் முழுத் தவணையிலும் இதுதான் முக்கியமான படி. முதல் இரண்டு வாரத்தில் பாடத்திட்டம் கொஞ்சம் பின்னுக்குப் போனாலும் பரவாயில்லை.

தரம் 4 தமிழ்ப் பாடநூலில் ஒரு பந்தியை எடுங்கள். தரம் 7 வகுப்பென்றாலும் அதே பந்திதான். மற்றப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுத்து வேலை கொடுத்துவிட்டு, ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்து மெல்லிய குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்புக்கு முன்னால் எழுப்பி நிறுத்தி வாசிக்க வைக்காதீர்கள். ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள்: தடையில்லாமல் வாசிக்கிறார், எழுத்துக்கூட்டி வாசிக்கிறார், வாசிக்கவில்லை. வாசித்தவரிடம் பந்தியில் இருந்து ஒரு கேள்வி கேளுங்கள். சிலர் சரளமாக வாசிப்பார்கள், ஆனால் என்ன வாசித்தோம் என்று விளங்கியிருக்காது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைச் செய்கிற எவரும் ஒரு பிள்ளையைச் சந்திப்பார். கொப்பி அத்தனை வடிவாக இருக்கும், திகதிக்குக் கீழே இரட்டைக் கோடு, முத்துமுத்தான எழுத்து. கரும்பலகையில் இருந்த ஒரு சொல்லும் தவறியிருக்காது. பந்தியை நீட்டியதும் விரலை முதல் எழுத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பான். இத்தனை வருடமாகப் பார்த்து எழுதியே தப்பி வந்திருக்கிறான். கொப்பியை மட்டும் திருத்துகிறவரின் கண்ணில் அவன் படமாட்டான்.

கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களும் இதைச் செய்யுங்கள். கணக்குத் தெரியாதவர் என்று நாம் நினைக்கிற பலருக்குக் கேள்வியை வாசிக்கத்தான் தெரியாது.

மூன்றாம் நிரலில் உள்ளவர்களுக்கு நாளுக்குப் பதினைந்து நிமிடம், இடைவேளையிலோ பாடசாலை முடிந்த கையோடோ ஒதுக்குங்கள். ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒருவரிடம் எங்கிருந்து தொடங்குவது என்று கேளுங்கள். எழுத்தறிவிப்பது அவர்களுடைய துறை, நமக்குத் தெரியாத நுணுக்கம் அவர்களிடம் இருக்கும்.

படி 5: பாடக்குறிப்பை வகுப்புக்காக எழுதுங்கள்

ஒரு பாடவேளையில் கொப்பி எடுத்து, சலசலப்பு அடங்கி, இடாப்பும் பார்த்தால் மிஞ்சுவது அரை மணித்தியாலம்தான். குறிப்பில் மூன்று விடயம் தெளிவாக இருக்கட்டும்: மணி அடிக்கும்போது பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காக அவர் செய்யப்போகும் வேலை என்ன, அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்.

தரம் 7 இல் விகிதம் படிப்பிக்க வேண்டும் என்று வையுங்கள். வீட்டுத்திட்டங்கள் வந்த ஊர்களில் மேசன் வேலை நடப்பதைக் கண்டிராத பிள்ளை குறைவு. "பூச்சுக்கு ஒரு தாச்சி சீமெந்துக்கு ஐந்து தாச்சி மணல் போட்டால், 20 தாச்சி மணலுக்கு எத்தனை தாச்சி சீமெந்து?" என்று தொடங்குங்கள். விகிதம் என்ற சொல்லை இன்னும் சொல்ல வேண்டாம். நான்கு என்று ஒருவர் சொல்வார். எப்படி வந்தது என்று கேளுங்கள், அவர் தன் சொல்லிலேயே விளக்கட்டும். அப்புறம் 1:5 என்று பலகையில் எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரும் ஒரு துண்டுத் தாளில் ஒரு கணக்குச் செய்து தந்துவிட்டுப் போகட்டும். அன்றிரவு அந்தத் துண்டுகளைப் பார்த்தால் நாளைய பாடக்குறிப்பில் பாதி தானாக எழுதப்பட்டுவிடும்.

கையில் பிரம்பு வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபப்படி பாடசாலையில் உடல் தண்டனைக்கு இடமில்லை. சுற்றுநிருபம் ஒருபக்கம் இருக்கட்டும், அடிக்குப் பயந்த பிள்ளை விளங்கவில்லை என்று உங்களிடம் ஒருநாளும் சொல்லாது.

படி 6: உங்கள் வகுப்பைப் பார்க்க ஒருவரை அழையுங்கள்

அதிகாரி மேற்பார்வைக்கு வருவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஐந்தாம், ஆறாம் வாரமளவில் படி 3 இல் சொன்ன அந்த மூத்தவரைக் கூப்பிடுங்கள். "வந்து பார்த்து எப்படி என்று சொல்லுங்கோ" என்றால், "நல்லாத்தான் இருக்கு" என்பார். அதனால் பயனில்லை. ஒரே ஒரு விடயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடக்கத்துக்கு ஏற்ற ஒன்று இது. வகுப்பின் இருக்கைகளை ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்து அவர் கையில் கொடுங்கள். நீங்கள் கேள்வி கேட்டு யார் பதில் சொன்னாலும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. பாடவேளை முடிந்து தாளைப் பார்க்கும்போது புள்ளிகள் பெரும்பாலும் முன் வாங்குகளிலும், நீங்கள் வழமையாக நிற்கிற பக்கத்திலும் குவிந்திருக்கும். பின்னால் யன்னலோரம் வெறுமையாக இருக்கும். அந்தத் தாள் யாரையும் குறை சொல்லாது, வாதாடவும் இடமில்லை.

அடுத்த வாரம் இரண்டு மாற்றம் செய்யுங்கள். பிள்ளைகளின் பெயரைத் துண்டுகளில் எழுதி ஒரு பால்மா ரின்னில் போட்டு, எடுத்த பெயருக்குரியவரிடம் கேளுங்கள். கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து எண்ணிக்கை நமக்குத்தான் நீளமாகத் தெரியும். யோசிக்கிற பிள்ளைக்கு அது காணாது. பிறகு அதே ஆசிரியரை அழைத்து மறுபடியும் புள்ளி போடச் சொல்லுங்கள்.

பாடம் சார்ந்த சிக்கலுக்கு வலயத்தில் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பாதை எட்டாத பாடசாலைகளுக்கு அவர்கள் அடிக்கடி வருவது கடினம், அதனால் காத்திருக்காமல் எழுதுங்கள். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, அதிபர் ஊடாக. "உதவி தேவை" என்று பொதுவாக எழுதாமல், "தரம் 8, சமன்பாடுகள், 23 மாணவரில் 14 பேருக்கு மறை எண்களைக் கூட்டத் தெரியவில்லை, ஒரு மாதிரிப் பாடம் செய்துகாட்ட வேண்டும்" என்பதுபோல எழுதுங்கள். இப்படி விபரத்தோடு வரும் கடிதத்தை ஒதுக்கி வைப்பது கஷ்டம். புதிய ஆசிரியரைத் தேடிவந்து கைப்பிடித்து நடத்தும் ஏற்பாடு எல்லாப் பாடசாலைகளிலும் இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அது வரும்வரை அந்தக் கடிதம்தான் உங்கள் வழி.

படி 7: ஊர் நாட்காட்டி

காலபோக நெல் அறுவடையான அருவி வெட்டு முதல் தவணையின் நடுவில் வரும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களை நம்பிய ஊர்களில் அந்த வாரங்களில் வரவு குறையும். பெரிய பிள்ளை வயலுக்கோ, தம்பி தங்கையைப் பார்க்கவோ நின்றுவிடும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், ஆவணியில் மடு மாதா திருவிழா, வருடக் கடைசியில் வெள்ளம். புதிய அலகை இந்த நாட்களில் தொடங்காமல், மீட்டலுக்கு ஒதுக்குங்கள்.

வராத பிள்ளையின் வீட்டுக்குப் போகும்போது முறைப்பாட்டோடு போகாதீர்கள். இன்றைய பெற்றோரில் பலர் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தங்கள் படிப்பை இழந்தவர்கள். பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லுங்கள். மிச்சம் பிறகு கதைக்கலாம்.

படி 8: பயிற்சியும் தவணை முடிவும்

பட்டத்தோடு நேரே வந்தவர்கள் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் கோரும்போது தவறவிடாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் ஆகியவை நடத்துகின்றன. கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி எடுத்தவர்கள் அந்தக் குறிப்புகளைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். சொந்த வகுப்பு கிடைத்த பிறகு வாசித்தால் வேறு மாதிரி விளங்கும்.

தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்தும்போது மொத்தப் புள்ளியோடு நிற்காமல், கேள்வி வாரியாக எத்தனை பேர் பிழைவிட்டார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். வகுப்பில் பாதிக்கு மேல் பிழைவிட்ட கேள்விகளை வட்டமிட்டு, அவற்றை இரண்டாம் தவணையின் முதல் வாரத்துக்குப் பாடக்குறிப்பாக எழுதுங்கள். அட்டவணையின் ஒரு பிரதியை அதிபருக்கும் கொடுங்கள். படி 4 இல் வாசிக்கவில்லை என்று குறித்த பிள்ளைகளை, விடுமுறை விட முன்பு அதே பந்தியோடு மறுபடியும் மேசைக்கு அழையுங்கள்.