உப்புத் தண்ணீர் ஊரில் சல்பேட் இல்லாத ஷாம்பு: எங்கே தவறுகிறோம்?

சேலத்தில் போர் தண்ணீர் வரும் வீடு என்றால் குளியலறையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும், பக்கெட்டின் உட்புறம் சொரசொரக்கும், கீசர் காயிலைக் கழற்றினால் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் தலைக்கும் ஊற்றிக்கொள்கிறோம். முடி வறண்டு, நுனி பிளந்து, சீப்பு பாதியில் நின்றுவிட்டால் மட்டும் ஷாம்புவை மாற்றுகிறோம்.

நானும் அப்படித்தான் மாற்றினேன். ஸ்ட்ரெயிட்டனிங் செய்து, அதன்மேல் கலரும் போட்டுக்கொண்ட சமயம் அது. சல்பேட் இல்லாத ஷாம்பு போடுங்கள் என்று பார்லரில் சொன்னார்கள். வீட்டில் என்ன தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் அது தோன்றவில்லை. இரண்டு மாதத்தில் முடி தேங்காய் நார் மாதிரி ஆனது. முதல் தவறு அங்கேதான் இருந்தது: தண்ணீரைப் பார்க்காமல் பாட்டிலைத் தேர்ந்தெடுத்தது.

உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்வது கடினத்தன்மை அதிகமுள்ள தண்ணீரைத்தான். கடினத்தன்மை என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான். நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் தங்கித் தங்கி வரும்போது இவற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ஓமலூர் போகும் வழியில் வெள்ளைக்கல் வெட்டியெடுத்த குழிகளைப் பார்த்திருப்பீர்கள்; அந்தக் கல் மக்னீசியம் கார்பனேட். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருந்தால் ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கிறது. சேதமடைந்த முடிக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. ப்ளீச், கலர், ஸ்ட்ரெயிட்டனிங் எல்லாம் முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டத்தைக் கூட்டிவிடுகின்றன. கால்சியத்துக்கு நேர்மின்னூட்டம். அதனால் நல்ல முடியைவிடக் கெட்டுப்போன முடியில்தான் அது அதிகமாக ஒட்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தண்ணீரில் இருக்கும் சல்பேட் வேறு, ஷாம்புவில் சொல்லும் சல்பேட் வேறு. ஷாம்புவில் இருப்பது சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரெத் சல்பேட் போன்ற நுரைப் பொருள்கள். எண்ணெயை வாரி எடுத்துவிடும், அதனால் வறண்ட முடிக்கு ஆகாது. ஆனால் அவற்றை எடுத்துவிட்டதால் மட்டும் ஒரு ஷாம்பு உப்புத் தண்ணீருக்குப் பொருந்திவிடாது.

நான் பார்த்தவரை இங்கே பலரும் செய்கிற பெரிய தவறு, "சல்பேட் இல்லை, இயற்கையானது" என்று சொல்லி விற்கும் கைத்தயாரிப்பு ஷாம்பு கட்டியை வாங்குவதுதான். அவற்றில் பல வெறும் சோப்புதான். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்த சோப்பு, உப்புத் தண்ணீரில் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறிவிடும். பக்கெட் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் வளையமாக நிற்குமே, அதே பிசுக்குதான். அது முடியில் படிந்தால் அலசினாலும் போகாது. போதாததற்கு சோப்பின் காரத்தன்மை முடியின் செதில்களைத் தூக்கிவிடும். நான் ஒரு கண்காட்சியில் வேப்பிலை போட்ட கட்டி வாங்கி மூன்று முறை தேய்த்தேன். காய்ந்த பிறகும் முடி மெழுகு தடவியது போல இருந்தது. இன்னும் நன்றாகத் தேய்க்க வேண்டுமோ என்று நினைத்து நான்காவது முறையும் தேய்த்தேன். அதுதான் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பின்பக்க லேபிளில் இதைக் கண்டுபிடிக்கலாம். சோடியம் கோக்கோயேட், சோடியம் பாமேட், பொட்டாசியம் கோக்கோயேட் என்று தொடங்கினால் அது சோப்பு. சோடியம் கோக்கோயில் ஐசெத்தியோனேட் என்றிருந்தால் பெயர் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரிந்தாலும் அது வேறு பொருள். மென்மையானது, உப்புத் தண்ணீரிலும் பிசுக்காகாது. கோக்கமிடோபுரோப்பில் பீட்டைன், டெசில் குளுக்கோசைடு, கோக்கோ குளுக்கோசைடு ஆகியவையும் மென்மையானவை. சி14-16 ஓலிஃபின் சல்ஃபோனேட் பட்டியலின் முன்வரிசையில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அது சல்பேட் இல்லைதான், ஆனால் சல்பேட் அளவுக்கே வறட்டிவிடக்கூடியது.

சரி, அப்போது உசிலை இலைத் தூளான அரப்பு? எங்கள் அம்மாயி கடைசிவரை அரப்பும் வடிகஞ்சியும்தான் போட்டார். அரப்பிலும் சீயக்காயிலும் நுரை தருவது சப்போனின், அது சோப்பு போலக் கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகாது. அந்தக் காலத்துத் தேர்வை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் ப்ளீச் செய்த முடியில் அரப்புத் தூளை அப்படியே வைத்துத் தேய்த்தால் நரநரவென்று உரசி முடியை உடைக்கும். துணியில் வடிகட்டிய சாறாகப் பயன்படுத்துங்கள்.

லேபிளின் கடைசியில் ஈடிடிஏ என்று இருந்தால் "ஐயோ, கெமிக்கல்" என்று பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். நம் ஊருக்கு அது தவறான முடிவு. டைசோடியம் ஈடிடிஏ, டெட்ராசோடியம் ஈடிடிஏ, சோடியம் குளுக்கோனேட், ஃபைட்டிக் ஆசிட் எல்லாம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்கள். வழக்கமான மென்மையான ஷாம்புவிலேயே இவற்றில் ஒன்று இருந்தால் நல்லது. ஏற்கெனவே படிந்த உப்பை எடுக்க, கீலேட்டிங் ஷாம்பு என்று விற்பதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போடலாம். கிளாரிஃபையிங் ஷாம்பு என்பதையும் இதையும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். அது முக்கியமாக எண்ணெயையும் ஜெல் போன்றவற்றையும் எடுக்கும், உப்பைப் பிடிக்கும் பொருள் அதில் இல்லாமலும் இருக்கலாம்.

தலை நிறைய எண்ணெய் வழிய வைத்துவிட்டு, மென்மையான ஷாம்புவில் நுரை வரவில்லை என்று உள்ளங்கை உள்ளங்கையாக ஊற்றுவதும் வீண். தேங்காய் எண்ணெய் நல்லதுதான், முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கும். இரண்டு தேக்கரண்டி போதும். ஷாம்புவைக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, முதலில் ஒருமுறை லேசாக, அடுத்து உச்சந்தலைக்கு மட்டும் இன்னொரு முறை போடுங்கள். நுனிகளுக்குத் தனியாகத் தேய்க்கத் தேவையில்லை. அப்புறம் கண்டிஷனரை விட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம்பி ஏமாறுகிறவையும் சில உண்டு. படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தன்மையைக் குறைக்காது. ஷவரில் மாட்டும் கார்பன் ஃபில்டர் குளோரினைக் குறைக்கும், கால்சியத்தை விட்டுவிடும். கொதிக்க வைத்தால் ஒரு பகுதி மட்டும் கீழே படியும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சேர்த்துத் தலை குளிப்பது இருப்பதிலேயே மோசம். சுத்தத் தண்ணீரிலிருந்து பிரிந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் கால்சியம் எவ்வளவு என்று சொல்லாது. அதைவிட எளிய வழி: ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் குழாயில் வரும் மேட்டூர் காவிரித் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவல் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். எதில் நுரை குறைந்து திரிதிரியாகக் கலங்குகிறதோ அது கடினமான தண்ணீர்.

முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் கடைசி இரண்டு சொம்பாவது மேட்டூர் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். ஏற்காட்டில் என் சித்தி வீட்டில் ஓட்டுச் சரிவிலிருந்து தொட்டியில் விழும் மழை நீரில் குளித்தபோதுதான், என் முடி இன்னும் மென்மையாக இருக்க முடியும் என்று எனக்கே தெரிந்தது. வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து கடைசியாக அலசலாம். எலுமிச்சையை நேராகப் பிழிந்து தேய்க்க வேண்டாம், அது மிகக் கடுமையான புளிப்பு.

இன்னொன்று. கையில் வந்த முடியின் ஒரு முனையைப் பாருங்கள். சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு விழுந்தது. நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை அப்படி விழுவது சகஜம். அதற்கு மேல் வாரக்கணக்கில் விழுந்தால் தண்ணீரையும் ஷாம்புவையும் விட்டுவிட்டு, தைராய்டும் இரும்புச்சத்தும் பரிசோதித்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். குமிழ் இல்லாமல் பாதியில் ஒடிந்த துண்டுகள்தான் உப்புத் தண்ணீரும் உரசலும் செய்கிற வேலை.