விட்டுவிட்டு வரும் மின்கோளாறு: காரில் லூஸ் கான்டாக்டைத் தேடிப் பிடிக்கும் முறை

பட்டறை வாசலில் நிற்கும்போது ஒழுங்காக எரிந்து, வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடி அணைகிற ஹெட்லைட்டைப் போன்ற கோளாறுகள்தான் கார் வைத்திருப்பவர்களுக்கு அதிகம் செலவு வைக்கின்றன. காரணம் தெரியாமல் பேட்டரி, ஆல்டர்னேட்டர், சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவோம். பெரும்பாலும் குற்றவாளி துருப்பிடித்த ஓர் எர்த் போல்ட்டாகவோ (மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்புவதற்காக வயரைக் காரின் உலோக பாடியோடு இணைக்கும் போல்ட்), உள்ளே அறுந்த ஒரு வயராகவோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் 10-ம் எண் ஸ்பேனரும் ஒரு வயர் பிரஷும் போதும்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. மஞ்சள் உறை போட்ட வயர்களும் கனெக்டர்களும் பெரும்பாலான கார்களில் ஏர்பேக்குக்கு உரியவை. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் கொண்டவை. இரண்டிலும் கை வைக்க வேண்டாம்.

முதல் வேலை ஸ்பேனரை எடுப்பதல்ல, குறிப்பு எழுதுவது. கோளாறு எப்போது வருகிறது: மழைக்குப் பிறகா, இன்ஜின் சூடான பிறகா, பள்ளத்தில் இறங்கும்போதா, கதவைச் சாத்தும்போதா? ஈரத்தில் வந்தால் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது என்றும், குலுக்கலில் வந்தால் எங்கோ பிடிமானம் தளர்ந்திருக்கிறது என்றும் சந்தேகிக்கலாம். அதே நேரத்தில் வேறு எது செயலிழக்கிறது என்பதையும் எழுதுங்கள். பிரேக்கை அழுத்தினால் பின்பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது என்றால், அந்த விளக்குத் தொகுப்பின் எர்த் சரியில்லை. திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம் பக்கத்து பல்பின் வழியாகப் போகிறது.

அடுத்தது பேட்டரி. காரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே இதை ஏற்றி இறக்கும். டெர்மினலைக் கையால் திருப்பிப் பாருங்கள். சற்றே அசைந்தாலும் அது தளர்ந்ததுதான். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டினால், ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்காது.

ஃப்யூஸைக் கழற்றாமலே சோதிக்கலாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து மறுமுனையால் தொட்டால், அதன் தலையில் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் ஒவ்வொன்றிலும், அந்தச் சுற்று இயங்கும்போது, 12 வோல்ட் வர வேண்டும். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) மேல் சந்தேகம் வந்தால், அதே எண் கொண்ட ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். 10 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று 20 ஆம்பியர் போடுவது மட்டும் கூடாது. ஃப்யூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

இனிதான் முக்கியமான சோதனை. புதியவர்கள் பலரும் மீட்டரை இணைப்பைச் சோதிக்கும் பீப் நிலையில் வைத்து வயரின் இரு முனைகளையும் தொட்டு, "பீப்" கேட்டதும் வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இருபது இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனெனில் அது அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். 55 வாட் ஹெட்லைட் பல்பு சுமார் நான்கரை ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்கோ அரை ஓம் தடை இருந்தால் ஏறத்தாழ 2 வோல்ட் அங்கேயே போய்விடும், விளக்கு மங்கிவிடும். அந்த அரை ஓமைச் சாதாரண மீட்டரில் நம்பி அளக்க முடியாது. அதன் ஒயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும்.

ஆகவே விளக்கை எரியவிட்டு, மீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் எர்த் பின்னிலும் வைத்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்பின் பாசிட்டிவ் பின்வரை அளந்தால், சுவிட்ச், ரிலே எல்லாம் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகம் வந்த பக்கத்தில், பல்பில் வைத்த முனையைப் பேட்டரியை நோக்கிக் கனெக்டருக்குக் கனெக்டர் நகர்த்திக்கொண்டே வாருங்கள். எண் சட்டென்று குறையும் இடத்துக்கும் அதற்கு முன் அளந்த இடத்துக்கும் நடுவே கோளாறு இருக்கிறது. மீட்டர் இணைந்திருக்கும்போதே இன்னொருவரை வயர்க்கட்டை ஒவ்வொரு சாணாக அசைக்கச் சொன்னால், விட்டுவிட்டு வரும் கோளாறு கண்ணெதிரே வந்து போகும். மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பதிந்து வைக்கும் Min/Max வசதியுள்ள மீட்டர் என்றால் தனியாகவே செய்யலாம்.

என் பழைய காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி, கதவு பாதி திறந்திருந்தால் மட்டும் இறங்கும். சுவிட்சையும் மோட்டாரையும் மாற்றியும் பலனில்லை. கடைசியில் கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை உரித்தேன். எல்லா வயர்களும் முழுசாகத்தான் தெரிந்தன. ஒவ்வொன்றாக மெல்ல இழுத்தபோது, கருப்பு வயர் ஒன்று மட்டும் ரப்பர் பேண்டு போல நீண்டது: உள்ளே செம்பு அறுந்து, உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்கிற இடம் அது; டிக்கி கதவின் கீல் பக்கமும் அப்படியே. எலி கடித்த வயரும், முன்பு ஸ்டீரியோ போட்டவர் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன இணைப்பும் இதே வரிசையில் வரும்.

சரிசெய்யும்போது மடங்கும் இடத்திலேயே ஒட்டுப் போட வேண்டாம். ஈயம் வைத்த இடம் விறைத்து, அதன் பக்கத்தில் மறுபடி அறுந்துவிடும். அதே தடிமனுள்ள வளையும் வயரை எடுத்து, ரப்பர் குழாய்க்கு இரு பக்கமும் வெளியே இணைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போடுங்கள். எர்த் போல்ட் என்றால் பெயிண்டும் துருவும் போகத் தேய்த்து, இறுக்கிய பிறகு கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பின்பு அதே அளவை மறுபடி எடுத்து, குறிப்பில் எழுதிய அதே மழையிலும் அதே பள்ளத்திலும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.