கருவிழி ரிங் தொல்லை தந்தால்: கழற்றினால் போதுமா, கருவிழியையே மாற்ற வேண்டுமா?

கருவிழி (கார்னியா) மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோய்க்காகக் கருவிழிக்குள் பதிக்கும் ரிங், பிறை வடிவ பிளாஸ்டிக் துண்டு. கருவிழித் தடிமனில் 70 முதல் 80 சதவீத ஆழத்தில் அது இருக்க வேண்டும். மேலோட்டமாக அமைந்துவிட்டாலோ, கண்ணைக் கசக்கும் பழக்கம் விடாவிட்டாலோ, மேலுள்ள திசு மெலிந்து ரிங்கின் முனை வெளியே வந்துவிடும். உறுத்தலும் சிவப்பும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டுப் பார்க்கவே கூடாது. கிருமித்தொற்று இருந்தால் அது மளமளவென்று பரவும்.

முதல் வேலை ரிங்கைக் கழற்றுவது. கண்ணை மரத்துப்போகச் செய்து, பெரும்பாலும் பழைய கீறல் வழியாகவே எடுத்துவிடலாம். தொற்று இருந்தால் எடுத்த துண்டையும் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கழற்றியதும் மாற்று அறுவைக்கு அவசரப்பட வேண்டாம். கண் ஆறச் சில மாதம் விட்டு, டோபோகிராபி (கருவிழியின் வளைவைக் காட்டும் படம்) எடுத்து, கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் போட்டுப் பாருங்கள். அதிலேயே பார்வை தேறிவிட்டால் அறுவை எதற்கு? பார்வைப் பாதையில் தழும்பு, திசு கரைதல், லென்ஸ் ஒத்துக்கொள்ளாமை என்று வரும்போதுதான் மாற்று அறுவை. கருவிழியில் ஓட்டை விழுந்துவிட்டால் மட்டும் காத்திருக்க முடியாது.

கருவிழியின் உள்படலம் நன்றாக இருந்தால், அதை விட்டுவைத்துச் செய்யும் டால்க் (DALK) முறையே மேல். முன்பக்க அடுக்குகளை மட்டும் மாற்றுவதால், உள்படலச் செல்களை உடல் நிராகரிக்கும் பயம் இல்லை. முன்பு கருவிழியில் திடீரென நீர் கோத்து உள்படலம் கிழிந்திருந்தால், முழுத் தடிமன் மாற்றே பெரும்பாலும் கைகொடுக்கும். டால்க்கில் அடுக்குகளைப் பிரிக்கக் காற்றைச் செலுத்துவார்கள். ரிங் இருந்த சுரங்கம் வழியே அது கசியவும் கூடும். பிரிக்கும்போது உள்படலம் பெரிதாகக் கிழிந்தால் அங்கேயே முழு மாற்றுக்கு மாற வேண்டியிருக்கும். ஆகவே அதற்கும் தகுந்த தானக் கருவிழி கையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு முறைக்கும் ஒப்புதல் கொடுத்துவிடுங்கள்.

ரிங் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துப் போங்கள். ஒட்டு (பொருத்தும் தானக் கருவிழி) வழக்கமாக 8 மி.மீ. அளவில் வெட்டப்படும். 5 மி.மீ. வட்டத்தில் வைக்கும் ரிங்கின் சுரங்கம் அதற்குள் அடங்கி, நீக்கும் திசுவோடு போய்விடும். இன்டாக்ஸ் என்ற ரிங்கின் வழக்கமான வகையில் வெளிவட்டமோ சுமார் 8.1 மி.மீ.; வெட்டு சுரங்கத்தின் மேலேயே விழும். மெலிந்த அந்த இடத்தில் தையல் சரியாகப் பிடிக்காது. ரிங்கின் அளவு முன்பே தெரிந்தால் வெட்டைத் தள்ளி வைக்கலாம்.

10-0 நைலான் தையல்கள், பலருக்குப் 16. பெரும்பாலும் ஒரு வருடத்தையொட்டிப் பிரிப்பார்கள். நடுவில் ஒன்று தளர்ந்தாலும் உடனே எடுத்தாக வேண்டும். தொற்று அங்கிருந்துதான் தொடங்கும். டால்க்கில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சில மாதங்கள், முழு மாற்றில் ஒரு வருடமோ அதற்கு மேலுமோ. அதனால் கண் அழுத்தம் ஏறலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். சிவப்பு, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் எது வந்தாலும் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. தையல் பிரித்த பிறகும் பலருக்குக் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படும். அறுவைக்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.