இரும்புத் தகடு அடித்த கவுன்சில் வீடுகள்: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே நம்மவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் படுக்கிறோம். பக்கத்துக் கவுன்சில் பிளாட் கதவுக்கும் ஜன்னலுக்கும் இரும்புத் தகடு அடித்துச் சும்மா கிடக்கிறது. அதை ஏன் எங்களுக்குத் தரமாட்டார்கள்?" நியாயமான கேள்விதான். கவுன்சில் வீடு என்றால் உள்ளாட்சி மன்றம் குறைந்த வாடகைக்கு விடும் வீடு. நான் வந்த புதிதில் எங்கள் எதிர் பிளாட்டும் ஒரு குளிர்காலம் முழுக்க அப்படியே கிடந்தது. தினமும் அதைக் கடந்து போகும்போது வயிறு எரியும்.

முதலில் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். "கவுன்சிலில் ஆள் இருக்கிறது, சாவி வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு வழியே கிடையாது. கவுன்சில் வீட்டை வாடகைக்கு எடுத்தவர் தான் வேறெங்கோ இருந்துகொண்டு முழு வீட்டையும் உங்களுக்கு விடுவது இங்கிலாந்தில் 2013 சட்டப்படி குற்றம். 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மாட்டுவது அவர் என்றாலும், ஒரே நாளில் தெருவுக்கு வருவது நீங்கள். அவர் அங்கேயே குடியிருந்து ஓர் அறையை மட்டும் தருகிறார் என்றால் அது வேறு, பெரும்பாலும் அனுமதி உண்டு. பூட்டிய வீட்டுக்குள் நாமே புகுந்து குடியிருக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். 2012 செப்டம்பரிலிருந்து அதுவும் குற்றம்.

அடுத்தது விசா. மாணவர் விசா, வேலை விசா, அவர்களுடைய துணைவர் விசா எல்லாவற்றிலும் பொதுவாக 'பொது நிதி பெற உரிமை இல்லை' என்ற நிபந்தனை இருக்கும். கவுன்சில் வீடும் அந்தப் பொது நிதிக்குள் வருகிறது. நிபந்தனை இருக்கும்போது விண்ணப்பித்தால் விசாவுக்கே சிக்கல் வரலாம். அகதி அந்தஸ்தோ நிரந்தர வதிவிட உரிமையோ கிடைத்தவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் இங்கிலாந்து முழுவதும் காத்திருப்போர் பட்டியலில் 13 லட்சம் குடும்பங்கள் இருக்கின்றன, பட்டியலில் சேரவே அந்தப் பகுதியில் சில ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்று பல கவுன்சில்கள் கேட்கின்றன.

வீடு பறிபோகும் நிலை வந்தால் அதற்குத் தனிக் கதவு உண்டு. தகுதியுள்ள ஒருவர் 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் இருந்தால், அதைத் தடுக்க உதவுவது 2018 முதல் கவுன்சிலின் சட்டக் கடமை. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்த அன்றே கவுன்சிலில் போய்ச் சொல்லுங்கள். ஆலோசனை கேட்காமல் பயந்து முன்கூட்டியே வெளியேறிவிட்டால், வேண்டுமென்றே வீட்டை விட்டதாகக் கவுன்சில் எழுதிவிடக்கூடும்.

சரி, வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது? பல வீடுகள் ஒரு குடும்பம் போய் அடுத்த குடும்பம் வரும் இடைவெளியில் இருப்பவை. கவுன்சில்காரர்கள் இதை 'வாய்ட்' என்பார்கள். மின்சாரம், எரிவாயு, ஆஸ்பெஸ்டாஸ், ஈரக்கசிவு எல்லாம் பார்த்து முடிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் இழுத்தடித்தால் வாரங்கள் மாதங்களாகும். இன்னும் சில, இடித்துக் கட்டப்போகிறோம் என்று குடும்பங்களை வெளியேற்றிவிட்டுத் திட்டம் நகராமல் நிற்பவை.

இதற்கு நம் கண்முன்னே இருப்பது ஸ்ட்ராட்ஃபோர்டின் கார்ப்பென்டர்ஸ் எஸ்டேட் என்ற கவுன்சில் குடியிருப்புத் தொகுதி. சுமார் 700 வீடுகள், அதில் 3 உயர்ந்த அடுக்குமாடிக் கோபுரங்கள். 2000களின் நடுவிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்கள். 2012 ஒலிம்பிக்கின்போது அதில் ஒரு கோபுரத்தின் உச்சி மாடியில் பிபிசி ஸ்டூடியோ நடந்தது. கீழே வீடுகள் காலி. விடுதியிலிருந்து வெளியேறச் சொல்லப்பட்ட இளம் தாய்மார்கள் 'ஃபோகஸ் இ15' என்று அமைப்பாகி, 2014 செப்டம்பரில் அங்கே காலியாகக் கிடந்த பிளாட்டுகளுக்குள் போய் உட்கார்ந்தார்கள். வீடுகள் நல்ல நிலையில் இருந்ததை நாடே பார்த்தது. மறுசீரமைப்புக்கு குடியிருப்பாளர்கள் வாக்களித்தது 2021 டிசம்பரில்தான்! இத்தனைக்கும் தற்காலிகக் குடியிருப்பில் மிக அதிக விகிதத்தில் குடும்பங்களை வைத்திருக்கும் பகுதிகளில், இந்த எஸ்டேட்டும் ஈஸ்ட் ஹாமும் அடங்கிய நியூஹாம் முதல் வரிசையில் இருக்கிறது.

பணக் கணக்கு தெரிந்தால்தான் இது முழுசாகப் புரியும். கவுன்சிலிடம் இரண்டு பைகள் இருக்கின்றன. கவுன்சில் வீட்டு வாடகை ஒரு பைக்குள் போகும். பழுது, பராமரிப்பு, வீடுகளுக்காகக் கவுன்சில் வாங்கிய கடன் எல்லாம் அதிலிருந்துதான். அதற்குப் பெயர் ஹவுசிங் ரெவின்யூ அக்கவுண்ட். நீங்கள் கட்டும் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரி இரண்டாவது பைக்குப் போகிறது. வீடில்லாத குடும்பத்தை விடுதியிலோ தனியார் வீட்டிலோ தங்கவைக்கும் செலவு அந்த இரண்டாவது பையில்தான் விழும். சட்டப்படி இரண்டையும் கலக்கக்கூடாது. ஒரு வீடு பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் முதல் பைக்கு வாடகை நட்டம். அதே வாரம் வெளியே நிற்கும் குடும்பத்துக்காக இரண்டாவது பையும் கரைகிறது.

அந்தக் கரைவு சின்னதல்ல. தற்காலிகக் குடியிருப்புக்கு மட்டும் இங்கிலாந்தின் கவுன்சில்கள் 2023-24இல் சுமார் 230 கோடி பவுண்ட் செலவிட்டன. வாடகை எங்கேயோ போய்விட்டது, ஆனால் மத்திய அரசு திருப்பித் தருவது இன்னமும் 2011ஆம் ஆண்டு வாடகை விகிதத்தின் 90 சதவீதத்தை வைத்துத்தான். மீதியைக் கவுன்சில் போட்டாக வேண்டும். 1980 சட்டத்துக்குப் பிறகு குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடியில் விற்ற கவுன்சில் வீடுகள் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 லட்சம். அவற்றில் பல இன்று தனியார் வாடகை வீடுகள். நீங்கள் இப்போது இருக்கும் அறைகூட அப்படி ஒன்றாக இருக்கலாம்.

இதையெல்லாம் கேட்க நமக்கு என்ன உரிமை என்று ஒதுங்க வேண்டாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள். அவர்களில் செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசிக்கும், 18 வயது நிறைந்த எவரும் வாக்காளராகப் பதிந்து கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு தேவையில்லை. கவுன்சிலர்கள் மக்களைச் சந்திக்கும் 'சர்ஜரி'க்கு நேரில் போகலாம். தகவல் கேட்கும் சட்டப்படி (Freedom of Information) யாரும் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். கட்டணம் பொதுவாகக் கிடையாது, 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். இப்படிக் கேளுங்கள்: "இந்த எஸ்டேட்டில் 6 மாதத்துக்கு மேல் காலியாக உள்ள வீடுகள் எத்தனை? ஒவ்வொன்றும் காலியாக இருக்கக் காரணம் என்ன? இழந்த வாடகை எவ்வளவு?" கேள்வியை எழுத ஆங்கிலம் தடையாக இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதி அனுப்புங்கள்.