குழுவாக விற்கக் கற்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு விவசாயிகளுக்குத் தொழில் கணக்கும் கூட்டாகச் செயல்படும் முறையும் கற்பிக்கப் புதிதாக வரும் பயிற்றுநர்களின் வகுப்புகளில், அண்மைக்காலமாகப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு வருகிறேன். தாமதமாக வருவது, புரியாத சொற்களில் பேசுவது போன்றவை தாமாகவே திருந்திவிடும். ஆனால் என்னுடைய பழைய பிழைகளை அவர்கள் அதே நம்பிக்கையோடு செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வெளியே விற்றவரைத் துரோகியாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். சரக்கைச் சேர்த்து விற்றால் வண்டிக் கூலி குறையும், பேரம் பேசும் பலம் கூடும் என்று பலகையில் எழுதுகிறோம். பணம் கைக்கு வரும் நாளை எழுதுவதில்லை. நான் பயிற்சி அளித்த முதல் குழு, களத்து வியாபாரி 100 கொடுக்கும் சரக்குக்கு 112 தரும் கொள்முதல்காரரைப் பிடித்தது. பணம் வர மூன்று வாரம் ஆகும். சரக்கு சேர்க்கும் நாளில் ஓர் உறுப்பினர், பத்து மூட்டை தருவதாகப் பதிந்திருந்தும் நான்கோடு வந்தார். மீதி முந்தைய இரவே வியாபாரியிடம் போயிருந்தது. நான் எழுந்து ஒற்றுமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவர் தலை நிமிராமல், மூட்டையில் தொங்கிய சணலைப் பிரிப்பதும் முறுக்குவதுமாக இருந்தார். அறுவடைக் கூலியை அவர் அன்றே கொடுத்தாக வேண்டியிருந்தது என்பதும், விதைக்கு அந்த வியாபாரியிடமே கடன்பட்டிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தன. அடுத்த பருவத்தில் அவரும் இன்னும் நால்வரும் வரவில்லை. மிஞ்சிய சரக்குக்கு வண்டிக் கூலி கட்டுப்படியாகாமல் குழுவே கலைந்தது.

எடை போடும்போதே ஒரு பகுதிப் பணம், விற்றபின் மீதி என்ற ஏற்பாடு இல்லாமல் கூட்டு விற்பனையைத் தொடங்க விடாதீர்கள். அந்த முன்பணத்துக்குக் குழு கடன் வாங்கினால், அதன் வட்டியைக் கூடுதலாகக் கிடைக்கும் 12இல் கழித்துப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அந்தப் பருவத்தில் அவரவர் விற்பதே மேல். விளைச்சல் முழுவதையும் குழுவுக்கே தரவேண்டும் என்றும் கட்டாயப்படுத்த வேண்டாம்; கொடுத்த அளவுக்கேற்ப லாபத்தைப் பிரித்தால் போதும். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் தொடங்கிய கூட்டுறவுக் கடை, மீந்த லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பிரித்தது. விற்கும் குழுவில் அந்த அளவுகோல் எடைச் சீட்டுதான்.

பணப்பெட்டிச் சாவியைத் தலைவரிடமே விடுவது

1991இல் ஆப்பிரிக்காவின் நைஜரில் கேர் என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய கிராமச் சேமிப்புக் குழு முறையில் பெட்டிக்கு மூன்று பூட்டுகள், சாவிகள் மூன்று பேரிடம். அப்படியே பின்பற்றுங்கள்.

அறுவடை வாரத்தில் வகுப்பு

வைக்காதீர்கள்.

அச்சிட்ட கணக்கை நடத்துவது

1989இல் இந்தோனேசிய நெல் வயல்களில் தொடங்கிய விவசாயிகள் வயல்வெளிப் பள்ளியில், பூச்சிகளை விவசாயிகள் வயலில் இறங்கித் தாங்களே எண்ணினார்கள். வரவு செலவையும் அப்படித்தான் கற்பிக்க வேண்டும். புத்தகத்து விவசாயியின் கணக்கில் யாருக்கும் அக்கறை இல்லை. ஒருவர் தம் பயிரில் நல்ல லாபம் என்றார். வீட்டு ஆள்களின் உழைப்புக்குக் கூலி போட்டதும் அது நட்டமாகிவிட்டது. எத்தனை நாள் உழைப்பு என்பதைத் தடுமாறாமல் எண்ணிச் சொன்னவர், பின்னால் நின்றிருந்த அவருடைய மனைவி; வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை நான் எழுதியிருக்கவே இல்லை.